எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான்

ஆற்று வாயில் சேறு அள்ளி, காயவைத்து, அமிலத்தில் கரைத்து, அதில் ஈயம் எத்தனை, காட்மியம் எத்தனை என்று எண்ணிச் சொல்வது என் பிழைப்பு. கல்யாண வீட்டில் யாராவது "என்னம்மா வேலை?" என்று கேட்டால் "தண்ணி டெஸ்ட் பண்றேன்" என்று முடித்துக்கொள்வேன். உண்மையில் தண்ணீரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் ஏற்றத்தின்போது பாட்டிலில் பிடித்தால் அது கடல். வற்றத்தில் பிடித்தால் பக்கிங்ஹாம் கால்வாய் மணலிப் பக்கமிருந்து கொண்டுவந்தது. ராத்திரி யாரோ திறந்துவிட்ட கழிவு விடிவதற்குள் கடலேறிவிடும். பாட்டிலில் வருவது அந்த நேரத்துச் சேதி மட்டும். அடியில் கிடக்கும் சேறோ வருஷக்கணக்கில் வந்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்கிறது.

கழிமுகத்தில் உலோகம் சேர்வதற்குத் தெளிவான காரணம் உண்டு. ஆற்று நீரில் மிதந்து வரும் களிமண் துகள்களின் மேல் எதிர் மின்னூட்டம் இருக்கும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே வருவதால் அவை எளிதில் கீழே இறங்குவதில்லை. உப்புத்தண்ணீர் கலந்ததும் அந்தத் தள்ளுதல் அடங்கிவிடும். எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி திரிந்து, கட்டி சேர்ந்து, கனத்து அடியில் விழும். ஈயமும் செம்பும் குரோமியமும் பெரும்பாலும் இந்தத் துகள்களின் மேலும், அவற்றைப் போர்த்தியிருக்கும் இரும்பு ஆக்சைடின் மேலும், மக்கிய இலைதழையின் மேலும் ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்யும். துகள் விழும் இடத்தில் அவையும் விழும். காட்மியம் கொஞ்சம் வேறு ரகம். கடல் உப்பின் குளோரைடு அதை இழுத்துக்கொள்வதால், மண்ணோடு வந்த காட்மியத்தில் ஒரு பகுதி முகத்துவாரத்தில் மண்ணை விட்டுத் தண்ணீருக்கு மாறிவிடும். ஆகவே சேற்றில் காட்மியம் குறைவு என்று அறிக்கை வந்தால், ஆற்றில் வந்ததே குறைவு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கொசஸ்தலை ஆறு சுமார் 136 கிலோமீட்டர் ஓடி எண்ணூருக்கு வருகிறது. 1944இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம் சென்னையின் குடிநீருக்காகத் தண்ணீரைப் பிடித்துவைப்பதால், மழைக்காலம் போக மற்ற நாட்களில் முகத்துவாரத்துக்கு ஆற்றுத் தண்ணீர் அதிகம் வராது. ஓதமும் கழிவும்தான் போய்வரும். சுற்றிலும் இருப்பவை ஊரறிந்தவை. மணலியில் 1969இல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை, அதை ஒட்டி வளர்ந்த உர, பெட்ரோகெமிக்கல் ஆலைகள். 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின்நிலையம். 1994 முதல் வடசென்னை அனல் மின்நிலையம், அதற்குப் பிறகு வல்லூர். 2001இல் திறந்த துறைமுகம். நம் நாட்டு நிலக்கரியை எரித்தால் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு சாம்பலாகவே மிஞ்சும். அதைத் தண்ணீரில் கலக்கி, உப்பங்கழியைக் கடந்து போகும் குழாய்கள் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்து ஒழுகிக் கழியில் சாம்பல் படிந்தது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம்.

எங்களை ஏற்றிப்போகும் படகு காட்டுக்குப்பத்து அண்ணன் ஒருவருடையது. எங்கள் சாமான்களை முதலில் பார்த்தபோது, "இன்னாம்மா, எல்லாரும் மீன் புடிக்க வர்ற எடத்துல நீ மண்ணு புடிக்க வந்துகிற?" என்றார். நான் ஜிபிஎஸ்ஸில் புள்ளி தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் மூங்கிலை அடியில் குத்திப் பார்த்துவிடுவார். "இங்க சாம்பலு. கொஞ்சம் தள்ளிப் போனாக்கா கருஞ்சேறு. அப்பால மணலு." களி மூங்கிலைப் பிடித்துக்கொள்கிறதாம், மணலில் இறங்காமல் கை அதிர்கிறதாம், சாம்பலில் நறநறவென்று இறங்கி லேசாக வெளியே வருகிறதாம். "மின்ன இங்க ஆளு முழுவுற ஆழம். இப்போ முட்டித் தண்ணி" என்பதையும் சேர்த்துச் சொல்வார். ஆய்வுக்கூடத்துக்கு வந்து துகள் அளவைப் பிரித்து வரைபடம் போட்டால், அவர் மூங்கிலால் காட்டிய எல்லைகள் பெரும்பாலும் அப்படியே வருகின்றன. வரைபடத்தில் சம இடைவெளியில் கட்டம் போட்டுப் புள்ளி குறிப்பதுதான் பாடப்புத்தக வழி. நான் அவரிடம் அடி எங்கே மாறுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் கட்டம் போடுகிறேன். கேட்காமல் போட்டால் சாம்பல் திட்டு இரண்டு புள்ளிக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும்.

புள்ளிக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்தச் சொல்வோம். அவுட்போர்டு எஞ்சினில் துரு ஏறாமலிருக்கத் துத்தநாகக் கட்டி பொருத்துவது உண்டு. உப்புத்தண்ணீரில் அது கரைந்துகொண்டே இருக்கும். அதனால் கிராப்பை அணியத்துப் பக்கமிருந்து இறக்குவோம். கிராப் என்பது இரண்டு எஃகுத் தாடைகள். வாயைத் திறந்தபடி இறங்கும்; அடியைத் தொட்டதும் கொக்கி விடும்; இழுக்கையில் மூடும். நடுவில் ஒரு மட்டி ஓடு சிக்கி வாய் சரியாக மூடாமல் மேலே வந்தால், அதில் எவ்வளவு சேறு இருந்தாலும் திருப்பிக் கொட்டிவிட வேண்டும். வழிந்து போனது எதுவென்றால் மேலே படிந்திருந்த மெல்லிய நுண்சேறு. கடைசியாக வந்து படிந்ததும் அதிக உலோகம் தாங்கியதும் அதுதான். நல்ல கிராப்பைத் திறந்தால் மேலே நகக்கண் கனத்துக்குப் பழுப்பு, அதன் கீழே மை போன்ற கறுப்பு, அழுகிய முட்டை வாடை. பிளாஸ்டிக் கரண்டியால் எஃகில் படாத நடுப்பகுதியை மட்டும் எடுத்து, பையிலிருந்து காற்றைப் பிதுக்கிவிட்டு, ஐஸ் பெட்டியில் வைப்போம். குறிப்பேட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை கரைந்துவிடும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அக்கா கழற்றச் சொன்னவற்றின் பட்டியல் நீளம்: மோதிரம், வளையல், பவுடர் போட்ட கையுறை. அந்தப் பவுடரில் துத்தநாகம் இருக்கக்கூடும். கூடத்துக்குள் வரும்போது நெற்றிக் குங்குமத்தையும் துடைத்துவிட்டு வரச் சொல்வார். மலிவுக் குங்குமத்தில் செந்தூர ஈயம் கலப்பது தெரிந்த கதை. கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் காட்மியத்தைத் தேடுகிற இடத்தில் சோதிப்பவரும் ஒரு மாசுதான்.

முகத்துவாரச் சேறு வேறு வகையிலும் ஏமாற்றும். ஒரே இடத்தில் மூன்று முறை எடுத்ததில் இரண்டு பைகளில் ஈயம் சாதாரணமாக இருக்க, மூன்றாவதில் பல மடங்கு ஏறி வந்த சம்பவம் உண்டு. கருவியைக் குறை சொல்வதற்கு முன்னால் மிச்ச மண்ணை மொத்தமாகச் சலித்துப் பார்த்தோம். சல்லடை மேல் ஒரு சாம்பல்நிறத் துணுக்கு, நசுங்கியது, நகத்தால் அழுத்தினால் கோடு விழுகிறது. வலை அடியில் கோக்கும் ஈயக்குண்டின் சில்லு. தலைமுறை தலைமுறையாக வலை இழுத்த கழியில் அது கிடப்பதில் அதிசயமில்லை. படகு கட்டும் துறையருகே செம்பு ஏறி வந்தால் படகடியில் பூசும் பெயின்ட் உதிர்ந்ததா என்று பார்க்கிறோம். எண் ஏறியிருக்கிறது என்பதும் ஆலைக்கழிவு ஏறியிருக்கிறது என்பதும் ஒன்றல்ல. நடுவில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

சாம்பலைப் பொறுத்தவரை அந்தக் குழப்பம் இல்லை. ஒரு சிட்டிகை மண்ணைக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தால் ஆற்று மணல் கோணல்மாணலாக, உடைந்த கற்கண்டுச் சில்லுகளாகத் தெரியும். அதனூடே உருண்டையான, பளபளக்கும் கண்ணாடி மணிகள். உலையின் வெப்பத்தில் உருகி, புகையோடு பறக்கும்போதே குளிர்ந்து உருண்டவை அவை. சில மணிகள் உள்ளே பொள்ளலாக இருந்து தண்ணீரில் மிதக்கும். கொசஸ்தலை எந்த மலையிலிருந்தும் இப்படி ஒரு மணியைக் கொண்டுவராது. இந்த மணிகளில் கவனிக்க வேண்டியது அவற்றின் மேல்தோல். உலையில் ஆவியாகிப் போன ஆர்சனிக், ஈயம், காட்மியம் போன்றவை புகை குளிரும்போது மிக நுண்ணிய மணிகளின் மேல் படிகின்றன. கல்லுக்குள் சிறைப்பட்ட உலோகத்தைவிட, தோல் மேல் ஒட்டிய உலோகம் தண்ணீருக்கு எளிதில் வரும்.

கூடத்தில் முதல் வேலை காயவைப்பது. பாதரசம் பார்க்க வேண்டிய மண்ணைச் சூடேற்றக் கூடாது, பறந்துவிடும். மற்றதை 60 டிகிரியில் வைக்கலாம். பிறகு 63 மைக்ரான் சல்லடை. பிறகு அகேட் கல்வத்தில் அரைப்பது. பிறகு அமிலம். இங்கே இரண்டு வழி. ஹைட்ரோகுளோரிக் மூன்று பங்கு, நைட்ரிக் ஒரு பங்கு கலந்த ராஜதிராவகம் ஒட்டியிருக்கும் உலோகத்தைக் கழற்றும். மணலின் உட்கல்லைத் தொடாது. முழுதும் கரைய வேண்டுமானால் ஹைட்ரோபுளோரிக் அமிலம் வேண்டும். அது கண்ணாடியைத் தின்னும், ஆகவே டெஃப்லான் பாத்திரம். தோலில் பட்டால் பல சமயம் உடனே எரியாது. சத்தமில்லாமல் உள்ளிறங்கி எலும்பு வரை போகும். கால்சியம் குளூக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த 2012 வாக்கில், புகைபோக்கி விசிறி எப்போது நிற்குமோ என்று பார்த்துத்தான் அமில வேலையைத் தொடங்குவோம். ஒரே மண்ணை இரண்டு கூடங்களுக்கு அனுப்பி இரண்டு குரோமியம் எண் வந்தால் பலர் ஒரு கூடம் பொய் சொல்கிறது என்கிறார்கள். அநேகமாக ஒருவர் ராஜதிராவகத்தில் கரைத்திருப்பார், மற்றவர் முழுதும் கரைத்திருப்பார். குரோமைட் தாது ராஜதிராவகத்துக்கு மசியாது. இரண்டு எண்ணும் சரி; கேட்ட கேள்விதான் வேறு.

கருவி சரியாகப் படிக்கிறதா என்று பார்க்க, உலோக அளவு முன்பே உறுதிசெய்யப்பட்ட படிவுப் பொடியை எங்கள் மண்ணோடு சேர்த்துக் கரைப்போம். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் மெஸ், பாக்ஸ் என்ற பெயர்களில் அதை விற்கிறது. சின்ன புட்டி, விலை கொஞ்சநஞ்சமல்ல. அதன் சான்றிதழில் உள்ள எண்ணை எங்கள் கருவி தராத நாளில் அன்றைய வேலை முழுவதும் மறுபடியும் செய்ய வேண்டியதுதான்.

இவ்வளவும் செய்து கையில் ஓர் எண் வந்த பிறகுதான் உண்மையான வேலை. கணக்குக்காக ஓர் உதாரணம். கழியின் உட்பகுதிச் சேற்றில் ஈயம் கிலோவுக்கு 40 மில்லிகிராம், முகத்துவார மணலில் 25 என்று வைத்துக்கொள்வோம். எது அதிகம் கெட்டது? எல்லோரும் 40 என்பார்கள். களிமண்ணில் இயற்கையாகவே உலோகம் அதிகம், மணலில் குறைவு. ஆகவே களி எவ்வளவு என்பதை அலுமினியத்தை வைத்துக் கழித்துப் பார்க்க வேண்டும். சேற்றில் அலுமினியம் 8 சதவீதம், மணலில் 2 சதவீதம் என்றால், ஒரு சதவீத அலுமினியத்துக்கு ஈயம் சேற்றில் 5, மணலில் 12.5. டியூரெகியனும் வேடபோலும் 1961இல் தொகுத்த உலகச் சராசரிக் களிப்பாறையில் ஈயம் 20, அலுமினியம் 8 சதவீதம், அதாவது 2.5. ஆகவே சேறு இயற்கையைப் போல இரண்டு மடங்கு, மணல் ஐந்து மடங்கு. குறைந்த எண்ணைக் காட்டிய மணல்தான் மோசம்.

அந்த உலகச் சராசரியும் கடன் வாங்கியதுதான். இந்தக் கழிக்கு மண் கொடுப்பது அதன் சொந்த மலைகளும் பாறைகளும். அவற்றுக்கென்று குரோமியமும் நிக்கலும் உண்டு. வரம்புகளிலும் இதே சிக்கல். அமெரிக்கக் கடலோரத் தரவுகளிலிருந்து 1995இல் வெளியான அட்டவணையை இங்கே பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். அதில் நிக்கல் கிலோவுக்கு 51.6 மில்லிகிராமைத் தாண்டினால் அடிவாழ் உயிர்களுக்குக் கேடு வரச் சாத்தியம் அதிகம். ஆனால் மேலே சொன்ன உலகச் சராசரிக் களிப்பாறையிலேயே நிக்கல் 68. ஆலையே இல்லாத ஊரின் சுத்தமான களிமண்கூட அந்த அட்டவணைப்படி தோற்றுவிடும். அதை மட்டும் வைத்துப் பத்திரிகைத் தலைப்பு போடுகிறவர்களும் உண்டு. அதே ஓட்டையைக் காட்டி எல்லா அறிக்கையையும் தள்ளிவிடுகிற ஆலைத் தரப்பு வக்கீல்களும் உண்டு.

இதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான பதில் கோர் எடுப்பது. முழங்கால் தண்ணீரில் நின்று பிவிசி குழாயைச் சேற்றில் அழுத்தி, மேல்வாயை மூடி இழுத்தால், அடியிலுள்ள பழைய மண்ணோடு மேலே வரும். அதை இரண்டு சென்டிமீட்டர் வில்லைகளாக அறுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்போம். ஆலைகளுக்கு முந்திய மண் அடியில் கிடைத்தால், இந்தக் கழியின் இயற்கை அளவு இதுதான் என்று அதுவே சொல்லும். வயது பார்க்க ஈயம்-210 இருக்கிறது. மழையோடு விழும் கதிரியக்க ஈயம் அது. 22 ஆண்டுகளில் பாதியாகும். நூறு வருஷத்துக்குச் சற்று மேல் வரை பின்னோக்கிக் கணக்கிடலாம். அணுகுண்டுச் சோதனைகளால் 1963இல் உச்சம் தொட்ட சீசியம்-137 இன்னொரு அடையாளம். 2000ஆம் ஆண்டோடு இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றதால், ஈயம் அதற்கு மேல் அடுக்குகளில் இறங்குகிறதா என்றும் பார்ப்போம். கழியில் இது எப்போதும் ஒழுங்காக வராது. நண்டு வளை தோண்டும், வலை அடியைக் கிளறும், வெள்ளம் மேலடுக்கை வழித்துக்கொண்டு போய் மணல் பட்டை ஒன்றைப் போட்டுவிடும். ஓர் இடத்தில் கோர் கலங்கியிருந்தால் அலையாத்தி மரங்களுக்குள்ளே அமைதியான இடம் தேடிப் போக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழியில் பரவிய பிறகு, வனேடியமும் நிக்கலும் சேர்ந்து ஏறுகிறதா என்பதும் பார்க்க வேண்டியதாயிற்று. கச்சா எண்ணெயில் அந்த இரண்டும் இயல்பாகவே உண்டு.

அப்புறம் கடைசிக் கேள்வி: உலோகம் எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது? 1979இல் டெசியரும் கூட்டாளிகளும் எழுதிய முறையில் ஒரே மண்ணை ஐந்து கட்டமாகக் கழுவுவோம். லேசான உப்புக் கரைசலுக்கே வருவது முதல் பங்கு. புளிப்புக்கு வரும் கார்பனேட் பங்கு. இரும்பு, மாங்கனீசு ஆக்சைடோடு இருப்பது. மக்கிய பொருளோடும் சல்ஃபைடோடும் இருப்பது. கடைசியில் கல்லுக்குள் இருப்பது. கல்லுக்குள் இருப்பதால் நண்டுக்கும் மட்டிக்கும் அநேகமாகக் கெடுதல் இல்லை. முதல் இரண்டு பங்கு இன்றே ஆபத்து. நடுவில் உள்ளவை நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தவை.

கருஞ்சேற்றைத் தட்டில் பரப்பி வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். கறுப்பாக இருந்தது ஓரத்திலிருந்து பழுப்பாக மாறிக்கொண்டே உள்ளே வரும். காற்றில்லாத அடியில் சல்ஃபைடு ஈயத்தையும் காட்மியத்தையும் துத்தநாகத்தையும் கட்டிப் போட்டிருந்தது. காற்று பட்டதும் அந்தக் கட்டு அவிழ்கிறது. மண் புளிக்கிறது, உலோகம் கழன்று தண்ணீருக்கு வருகிறது. கழியைத் தூர்வார வேண்டும், சாம்பலை அள்ள வேண்டும் என்று மீனவர்கள் கேட்பது நியாயம். ஆழம் போனதால் எறாவும் போனது, படகும் ஓடவில்லை. ஆனால் சாம்பல் திட்டையும் அதனடியிலுள்ள கருஞ்சேற்றையும் ஒரே ஜேசிபி வாளியில் அள்ளிக் கரையில் கொட்டினால், பூட்டி வைத்திருந்ததைத் திறந்துவிடுவதாகும். கவனமாகச் செய்த ஓர் இடமும் உண்டு. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் பாதரச நோய் வெளிப்பட்டது. 25 பிபிஎம்முக்கு மேல் பாதரசம் இருந்த சேற்றைக் கையாளும் வேலை 1977 முதல் 1990 வரை நடந்தது. சேற்றைக் கலங்காமல் உறிஞ்சி, தடுப்புக்குள் புதைத்து, 58 ஹெக்டேர் நிலமாக்கினார்கள். விரிகுடாவை மறித்துக் கட்டிய வலையை அகற்றியது 1997இல்தான். எது எங்கே, எந்த ஆழம் வரை இருக்கிறது என்று அளந்துகொண்டு இறங்கியதால்தான் அது நடந்தது.

படகுக்கார அண்ணன் எப்போதும் கேட்பது ஒன்றே ஒன்று: "அதெல்லாம் சரிம்மா, மடவையைத் துன்னலாமா வாணாமா?" சேற்று எண்ணை வைத்து நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. மீன் வேறு கணக்கு. பெரும்பாலான உலோகங்கள் மீனின் ஈரலிலும் செவுளிலும் தங்கும், சதையில் குறைவு. பாதரசம் மட்டும் சதையிலேயே தங்கும். நண்டில் காட்மியம் ஓட்டுக்குள்ளே இருக்கும் பழுப்புக் குழம்பில் சேரும், கால் சதையில் அல்ல. ஒரே இடத்தில் கிடந்து தண்ணீரை வடிகட்டி வாழும் மட்டியும் ஆளியும் எல்லோரையும்விட அதிகம் வாங்கும். அண்ணனிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: மடவையின் குடலையும் ஈரலையும் எறிந்துவிடுங்கள், கழியில் பொறுக்கிய மட்டியைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், மீனைத் தனியாகச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சேற்று அறிக்கையோடு யாராவது வந்தால், அவர்கள் மீனவர் சங்கமானாலும் ஆலையின் ஆலோசகரானாலும், நான் முதலில் எண்ணைப் பார்ப்பதில்லை. எந்த ஆழத்து மண்? துகள் அளவும் அலுமினியமும் அளந்தீர்களா? எந்த அமிலம்? இந்தக் கழியின் பழைய மண்ணோடு ஒப்பிட்டீர்களா? எத்தனை பங்கு கழன்று வரும்? தாளில் இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால், எந்தத் திட்டிலிருந்து தொடங்கி எவ்வளவு ஆழம் அள்ளலாம், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று அன்றைக்கே உட்கார்ந்து குறித்துக் கொடுத்துவிடலாம். இல்லாவிட்டால் அந்த எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும், அதை நம்பி ஒரு வாளிச் சேற்றைக்கூட அள்ளச் சொல்ல மாட்டேன்.